புல்தரையில சொட்டை: விதையா, பதியனா?

குழு: நம்ம சொந்தபந்தம்

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 6:48
[படம்] [படம்] [படம்] [படம்]
மாமா, புல்தரையில நாலு எடத்துல சொட்டை விழுந்துருச்சுங்க. கேட் பக்கத்துல 6 அடிக்கு 4 அடி, மாமரத்தடியில ஒண்ணு, வாசல் நடுவுல வட்டமா ஒரு சாண் அகலத்துல ஒண்ணு. பின்னாடி கிணத்தோரம் 10க்கு 10 மொத்தமாப் போச்சு. பெர்முடா விதை 100 கிராம் பாக்கெட் விக்குது. வாங்கித் தூவிரலாமுங்களா? சாரலும் புடிச்சிருக்குது.

நர்சரி மாமா, காலை 6:55
இரு அம்மிணி, கடைக்கு ஓடாதே. வாசல்ல இருக்கறது என்ன புல்லுன்னு முதல்ல பாரு. வெட்டாம உட்ட ஓரத்துல பூக்காம்பு நிக்கும். ஒத்தைக் கதிரா இருந்தா மெக்சிகன் புல்லு. ஒரே முனையில இருந்து நாலஞ்சு வெரலாட்டம் விரிஞ்சிருந்தா அருகு. பெர்முடாங்கறதே நம்ம அருகம்புல்லுதான், தேர்ந்தெடுத்த ரகம், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 7:03
வாசல்ல ஒத்தைக் கதிர்ங்க. வெறுங்கால்ல நடந்தா குத்துது. பின்னாடி இருக்கறது வெரலாட்டம்.

நர்சரி மாமா, காலை 7:06
அப்ப வாசலுக்கு விதையே வேண்டாம். மெக்சிகனை இங்க யாரும் விதை போட்டு வளக்கறதில்ல, பதியன்தான், அதாவது வேரோட புல்லுத் துண்டை நடறது. அதுக்குள்ள பெர்முடா தூவுனா நெறம் ஒண்ணு, எல ஒண்ணுன்னு ஒட்டுப்போட்ட வேட்டியாட்டம் தெரியும். போகப்போக அருகு வேர் உட்டு மெக்சிகனுக்குள்ள பூந்துக்கும். அப்பறம் பிரிக்கவே முடியாது.
பின்னாடிக்கு விதை சரி. ஆனா இன்னைக்கு இல்ல. ஏன் போச்சுன்னு தெரியாமத் தூவுனா முளைச்சதும் மறுபடி போகும்.

வேளாண் சித்தி, காலை 7:20
கண்ணு, நாலு படமும் பாத்தேன். நாலுக்கும் காரணம் வேற வேற.
நடு வட்டம்: நடுவுல கருகி, ஓரத்துல மட்டும் கரும்பச்சையா ஒரு வளையம் இருக்குது பாரு. நாய் மூத்தரம். தழைச்சத்தும் உப்பும் ஒரே எடத்துல கொட்டுனா நடு எரியும், ஓரத்துக்கு மட்டும் உரமாகும்.
கேட்டுக்கிட்ட: மண்ணு நனைஞ்சிருக்கும்போது நீளமான ஸ்குரூ டிரைவரைக் கையால குத்திப் பாரு. 4 அங்குலம் எறங்கலன்னா மண்ணு இறுகிப் போச்சு.
கிணத்தோரம்: காஞ்ச புல்லைக் கைப்பிடியாப் புடிச்சு இழு. என்ன ஆகுதுன்னு சொல்லு.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 7:41
ஸ்குரூ டிரைவர் ஒரு அங்குலம்கூடப் போகல. கார் திருப்பற எடம் அது.
கிணத்தோரம் இழுத்தா பாய் சுருட்டற மாதிரி கையோட வருது சித்தி. அடியில வேரே இல்ல. ரெண்டு நாளா மைனாக் கூட்டம் அங்கயேதான் கொத்திக்கிட்டு இருக்குது.

வேளாண் சித்தி, காலை 7:44
வேர்ப்புழு. மைனா அதைத்தான் தேடுது. சொட்டைக்கும் பச்சைக்கும் நடுவுல இருக்கற ஓரத்துல ஒரு அடிக்கு ஒரு அடி அளந்து மூணு பக்கம் வெட்டிப் பெரட்டு. 3 அங்குலம் மண்ணைக் கெளறி எண்ணு. வெள்ளையா, தலை செவப்பா, அரைவட்டமாச் சுருண்டிருக்கும். நட்டநடுச் சொட்டையில தேடாதே, தின்ன வேரில்லாத எடத்துல அதுவும் இருக்காது.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 8:10
[படம்]
பதினொண்ணு.

வேளாண் சித்தி, காலை 8:14
சதுர அடிக்கு அஞ்சு வரைக்கும் நல்ல புல்லு தாங்கிக்கும். பதினொண்ணு ஜாஸ்தி.
சித்திரை, வைகாசியில கோடை மழை பேஞ்சதும் மண்ணுக்குள்ள இருந்து வண்டு வெளிய வரும். பொழுது சாஞ்சதும் வேப்பமரத்துல உக்காந்து எல திங்கும், மறுபடி மண்ணுல வந்து முட்டை வெக்கும். அந்தப் புழுதான் இப்ப வேரைத் திங்குது. கிணத்தோரத்துல வேம்பு இருக்குதில்ல? அடுத்த வருசம் முதல் மழை பேஞ்ச ராத்திரி கிளையை உலுக்கி, கீழ உழுகற வண்டைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில போட்டா பாதிப் பிரச்சனை தீந்துது.
இப்பத்திக்கு மெட்டாரைசியம், புழுவைக் கொல்ற பூஞ்சை. லேபிள்ல போட்ட அளவை நல்லா மக்குன எருவோட கலந்து, சாயங்காலமா ஈர மண்ணுல தூவிக் கொத்தி உடு. மேலாக்கப் போட்டு வெயில்ல உட்டா செத்துப் போகும். போட்டதுக்கப்பறம் பூஞ்சைக்கொல்லி எதுவும் ஊத்தாதே, நல்ல பூஞ்சையும் சேந்து சாகும். கூடவே வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, உன் 100 சதுர அடிக்கு. மருந்தாட்டம் மறுநாளே சாகாது, ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் விதை இல்ல.

கோபாலபுரம் தம்பி, காலை 8:20
மூணு வாரம் கழிச்சா சாரல் போயிருமே சித்தி

நர்சரி மாமா, காலை 8:24
போகட்டும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், எள்ளுல பாதிகூட இல்லாத விதை நிக்குமா? பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேல் மண்ணை ஒரு மணி நேரத்துல உலத்திரும். முளை உட்ட விதை ஒரு தடவை காஞ்சா முடிஞ்சுது, அப்பறம் எத்தனை தண்ணி ஊத்துனாலும் வராது. ஆவணி பொறந்ததும் காத்து கொறையும், மண்ணுச் சூடும் இருக்கும். ஐப்பசி மழைக்குள்ள வேர் புடிச்சுக்கும். மார்கழியில போட்டா ராத்திரிக் குளிருக்கு முளைக்காமக் கெடக்கும்.

கோபாலபுரம் தம்பி, காலை 8:27
அக்கா, மண்ணை எளக்க நம்ம களத்துல நார்க்கழிவு சும்மாதான் கெடக்குது. ஒரு டெம்போ அனுப்பட்டுமா

வேளாண் சித்தி, காலை 8:31
பச்சை நார்க்கழிவு வேண்டவே வேண்டாம். அதுல 100 பங்குக்கு மேல கரிமம் இருந்தா ஒரு பங்குதான் தழைச்சத்து. மண்ணுல போட்டா அது மக்கறதுக்கே மண்ணுல இருக்கற தழைச்சத்தை இழுத்துக்கும், புல்லு மஞ்சளா நிக்கும். உப்பும் துவர்ப்பும் வேற. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காப் போட்டு, ஈரங்காயாம மக்க வெச்சுக் கருப்பாயிருந்தா அனுப்பு. செம்பட்டையா இருந்தா அங்கயே கெடக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 8:35
இங்க கரிசல் மண்ணுங்க சித்தி. மணல் ரெண்டு லோடு அடிச்சா எளகாதா?

வேளாண் சித்தி, காலை 8:40
கேரளாவுல கரிசல் இருக்கறதே உங்க சித்தூர்த் தாலூக்காப் பக்கந்தான், அதை மணல் போட்டுக் கெடுத்துக்காதே 😄 களிமண்ணுல கொஞ்சமா மணல் கலந்தா காஞ்சதும் செங்கல்லாட்டம் இறுகும். மேலாக்க மணலை மட்டும் பரப்புனா ரெண்டு அடுக்காப் பிரிஞ்சு வேர் கீழ எறங்காது. மக்குன எருவுதான் வழி. ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பி 6 அங்குலம் கொத்திக் கலக்கோணும். கேட்டுக்கிட்ட 24 சதுர அடிக்கு சிமெண்ட் சாக்குல ஒன்றரைச் சாக்குக்குக் கொஞ்சம் மேல, கிணத்தோரத்துக்கு ஏழு சாக்கு. மக்காத சாணி வேண்டாம், வண்டு அதுலயும் முட்டை வெக்கும்.
மண்ணு சேறா இருக்கும்போது கொத்தாதே. உருண்டை புடிச்சுத் தட்டுனா உதிரோணும், அந்தப் பதம்.

நர்சரி மாமா, காலை 8:52
கேட் பக்கத்து எடத்தைப் பத்தி ஒண்ணு சொல்றேன். கார் அங்கயேதான் திரும்பும்னா என்ன நட்டாலும் ஆறு மாசத்துல மறுபடி சொட்டைதான். சக்கரம் ஓடற ரெண்டு தடத்துக்கும் ஓட்டை வெச்ச கல்லு பதிச்சுட்டு, நடுவுல மட்டும் புல்லு உடு. என் யாவாரம் கொறைஞ்சாலும் அதான் நெசம்.
திருப்பற எடத்தை மாத்திக்கலாம்னா பதியன் கணக்கு இது: ரெண்டு அங்குலத் துண்டு, அரை அடிக்கு ஒண்ணு, சதுர அடிக்கு நாலு. 24 சதுர அடிக்கு 96 துண்டு. ஒரு சதுர அடி புல்லு ஷீட்ல 36 துண்டு வரும், அதனால 3 ஷீட் போதும். துண்டோட மேல்மட்டமும் தரையும் ஒண்ணா இருக்கோணும். மேடா நின்னா மெஷின் பிளேடு செரைச்சுரும், பள்ளமா இருந்தா தண்ணி தேங்கி அழுகும். நட்டதும் பலகை போட்டு மேல ஏறி மிதி, வேருக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து இருக்கக் கூடாது. மெக்சிகன் மெதுவாத்தான் நகரும். மூடறதுக்கு மூணு நாலு மாசம் ஆகும். அவசரம்னா 24 சதுர அடியும் ஷீட்டே ஒட்டிரலாம், செங்கல் கட்டற மாதிரி இணைப்பு மாத்தி மாத்தி.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 8:58
மாமரத்தடி? நடு வட்டம்?

நர்சரி மாமா, காலை 9:01
மாமரத்தடியில மெக்சிகன் வராது, அஞ்சு மணி நேரமாவது வெயில் வேணும் அதுக்கு. உங்க பக்கத்து நர்சரியில பேர்ல் கிராஸ்னு அகல எல வெச்சது கேளு, நெழல் தாங்கும். அதுவும் வரலன்னா எலச்சருகு பரப்பி உட்டுரு.
வட்டத்துக்கு ரெண்டு நாள் நாலு நாலு கொடம் தண்ணி ஊத்தி உப்பைக் கீழ எறக்கு. கருகுனதைச் சொரண்டிட்டு ஏழெட்டுத் துண்டு நடு.

கோபாலபுரம் தம்பி, காலை 9:05
நாய் எடத்துக்கு சோடா உப்பு போட்டா முறிஞ்சிரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே

வேளாண் சித்தி, காலை 9:07
சோடா உப்பும் உப்புதான் சாமி. எரிஞ்ச எடத்துல இன்னொரு உப்பா? நாய் போன கையோட ஒரு கொடம் தண்ணி ஊத்தறதுதான் மருந்து.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 9:15
கிணத்தோரம் கோரையும் இருக்குதுங்க. விதைக்கறதுக்கு முன்னாடி கிளைபோசேட் களைக்கொல்லி அடிச்சரலாமா, பொள்ளாச்சியில இருந்து தம்பி கொண்டாந்துருவான்.

வேளாண் சித்தி, காலை 9:18
கேரளாவுல அதுக்கு 2019லயே தடை போட்டாங்க. எல்லை தாண்டிக் கொண்டாற வேண்டாம். கோரையைக் கையில புடுங்குனா மேல அறுந்து அடிக்கெழங்கு தங்கும். மூணு வாரம் சும்மாதானே இருக்கப் போற? தண்ணி காட்டி முளைக்க உட்டு, கொத்துல கெழங்கோட எடு. ரெண்டு தடவை பண்ணுனா பெருமளவு கொறையும். முளைக்கும்முன் அடிக்கற களைக்கொல்லியும் வேண்டாம், உன் விதையையும் சேத்துத் தடுத்துரும்.

நர்சரி மாமா, காலை 9:30
ஆவணியில விதைக்கறதுக்கு இப்பவே குறிச்சு வெச்சுக்கோ. நீ சொன்ன 100 கிராம் பாக்கெட் கிணத்தோரத்துக்கு அளவாப் போகும், 80லிருந்து 90 கிராம் வேணும். தோல் நீக்குன விதையாக் கேளு, ஒரு வாரத்துல முளைக்க ஆரம்பிக்கும். தோலோட இருந்தா ரெண்டு மூணு வாரம்கூட இழுக்கும்.
கொத்திச் சமப்படுத்துன மண்ணுல சூப்பர் பாஸ்பேட் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா. யூரியா இப்ப வேண்டாம். விதையை அஞ்சு பங்கு காஞ்ச மணலோட கலந்து ரெண்டாப் பிரி. ஒரு பாதி கெழக்கு மேற்கா, மறு பாதி தெக்கு வடக்கா தூவு, அப்பத்தான் திட்டுத் திட்டா வராது. ரேக்கைத் திருப்பிப் புடிச்சு லேசா இழு. விதை அரைக்கால் (1/8) அங்குலத்துக்குக் கீழ போகக் கூடாது, ஆழமாப் போனா மேல வராது. பலகை போட்டு மிதிச்சுட்டு நனைச்ச சணல் சாக்கு போட்டு மூடு. சாக்கு பறக்காம பழைய குடைக்கம்பியை வளைச்சுக் குத்திரு.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 9:34
சாக்கை எப்ப எடுக்கறது?

நர்சரி மாமா, காலை 9:37
பாதி முளை தெரிஞ்சதும், சாயங்காலமா. தாமதிச்சா முளை சாக்கு இழையில பூந்துக்கும், எடுக்கும்போது வேரோட வந்துரும். தண்ணி பூவாளியிலதான், ஹோஸ் அடிச்சா விதையெல்லாம் ஒரு மூலையில ஒதுங்கும். முதல் ரெண்டு வாரம் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, மேல் மண்ணு நனையற அளவுக்கு மட்டும். அப்பறம் தடவையைக் கொறைச்சு ஆழமா உடு.
ரெண்டு அங்குலம் வளந்ததும் முதல் வெட்டு, ஒன்றரை அங்குலத்துல. பிளேடு மொட்டையா இருந்தா வெட்டாது, புடுங்கும்.

வேளாண் சித்தி, காலை 9:45
ரெண்டாவது வெட்டுக்கு அப்பறம் யூரியா 45 கிராம், ரெண்டு பூவாளித் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, உடனே நல்ல தண்ணி ஊத்தி எலையைக் கழுவோணும். அப்பவும் புது எல மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது தழைச்சத்துக் கொறை இல்ல. சுண்ணாம்புச் சுக்காங்கல் இருக்கற கரிசல்ல இரும்புச் சத்து ஏறாது. அன்னபேதி (இரும்பு உப்பு) லிட்டருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழம் புழிஞ்சு சாயங்காலம் தெளி. கிணத்துமேடைச் சிமெண்ட்ல பட்டா துருக் கறை போகாது, சாக்கு போட்டு மூடிக்கோ.

கொழிஞ்சாம்பாறை அக்கா, காலை 9:52
சரிங்க. அப்ப கேட்டுக்கும் வட்டத்துக்கும் சேத்து மெக்சிகன் 4 ஷீட், மெட்டாரைசியம், புண்ணாக்கு ஒரு கிலோ. விதை ஆவணிக்கு.

நர்சரி மாமா, காலை 9:55
வெள்ளிக்கிழம வண்டி வேலந்தாவளம் வழியா வருது, குடுத்து உடறேன். ஷீட்டைச் சுருட்டி வெக்காதே, உள்ள சூடேறி ரெண்டு நாள்ல மஞ்சளாயிரும். குழி தயாரா இருக்கட்டும், வந்த அன்னைக்கே நட்டுரு.

கோபாலபுரம் தம்பி, காலை 9:58
நாயை யாரு கட்டறது?