மரத்தில் துளிர், பூ, காய் வருவதை வாராவாரம் எப்படிக் குறிப்பது?

ஆற்றங்கரையான்:
சேரன்மகாதேவி பக்கம் ஆற்றோரத்து மருது, தெருவில் வேம்பு, புங்கு, தோட்டத்தில் மா, விளையில் பனை என்று இருபது மரம் எடுத்துப் பதியலாம்னு இருக்கேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு வருவார்கள். "இன்ன தேதி பூத்தது" என்று எழுதினால் போதுமா? அவ்வளவு பெரிய மரத்தில் பூவை எப்படி எண்ணுவது?

விளைக்காடு:
முதல் பூ தேதி மட்டும் போதாது அண்ணாச்சி. ஞாயிறுதோறும் பார்த்தால், நீங்கள் கண்ட பூ முந்தின ஆறு நாளில் எப்போது வேண்டுமானாலும் விரிந்திருக்கலாம். அதனால் பூ இல்லாத வாரத்திலும் 0 என்று எழுதணும். கட்டம் காலியாக இருந்தால் பூ இல்லையா, ஆள் போகலையா என்று பின்னால் தெரியாது. வாரம் ஒருமுறை போதும், மொட்டு கண்டபிறகு இரண்டு முறை.

எண்ண வேண்டாம், மரத்தின் கிளைப்பரப்பில் எவ்வளவு என்று அளவு போடுங்கள்: 0 இல்லை, 1 கால் பங்கு வரை, 2 அரை வரை, 3 முக்கால் வரை, 4 அதற்கு மேல். மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே பதிகிற சீசன்வாட்ச் திட்டத்தில் இன்னும் எளிது: இல்லை, கொஞ்சம், நிறைய; மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் கொஞ்சம், அதற்கு மேல் நிறைய. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே சரி. எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். மரத்தைச் சுற்றி நாலு திசையிலும் நின்று தனித்தனியாகப் போட்டு சராசரி எடுங்கள். வேப்பம்பூ உச்சியில் தெரியாது, 8×40 பைனாகுலர் வேணும். கீழே கிடக்கிற பூவை நம்பாதீர்கள், பக்கத்து மரத்துப் பூவாக இருக்கும்.

ஒரு வரி இப்படி: வே-2 (இரண்டாவது வேம்பு), மார்ச் 18, காலை 7.30, துளிர் 3, முற்றிய இலை 2, பழுத்த இலை 0, மொட்டு 2, விரிந்த பூ 1, காய் 0, பழம் 0.

முதல் மாதம் இரண்டு பிள்ளைகள் ஒரே மரத்தைப் பேசிக்கொள்ளாமல் போட்டு ஒப்பிடட்டும். அடிக்கடி ஒரு படி வித்தியாசம் வந்தால், எது 'துளிர்' என்பதிலேயே குழப்பம் என்று அர்த்தம்.

பனங்காட்டு நரி:
மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி காரியம் கெடுகிறது. மின்கம்பிக்காகக் கிளை வெட்டின வேம்பு எந்த மாதமும் துளிர் விடும், அது பருவம் இல்லை. வாய்க்கால் ஓரத்து மரத்தையும் மேட்டு நிலத்து மரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். மழைக்குப் பிறகு வேப்பங்கிளை நுனி கருகித் தொங்கினால் அது இலையுதிர்வு அல்ல. தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சாணமும் செய்கிற வேலை. அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

மருதில் போன வருஷக் காயும் இந்த வருஷப் பூவும் சேர்ந்தே நிற்கும். ஐந்து விளிம்புள்ள பழுப்புக் காய் பழசு, பச்சைக் காய் புதுசு.

பனையில் அலகுப் பனை (ஆண்), பருவப் பனை (பெண்) இரண்டையும் எடுங்கள், காய் பருவப் பனையில்தான். பாளை சீவுகிற பனையைத் தொடவே வேண்டாம், பாளையைக் கட்டி அரிந்துவிட்டால் நுங்கு எங்கே வரும்? அடையாளத் தகட்டை ஆணியில் அறையாமல் கயிற்றில் தளர்வாகக் கட்டுங்கள். ஒவ்வொரு வகையிலும் நாலு மரம் வீதம் என்றால் ஒன்றிரண்டு பட்டுப்போனாலும் தாங்கும்.

ஆற்றங்கரையான்:
மாசி, பங்குனி என்று தமிழ் மாதத்திலேயே எழுதலாமா?

விளைக்காடு:
பக்கத்தில் எழுதுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க அது உதவும். கணக்குக்கு நாள் எண் வேணும்: ஜனவரி 1 என்றால் 1, மார்ச் 1 என்றால் 60 (லீப் வருஷத்தில் 61). மாவுக்கு மட்டும் ஒரு சிக்கல். மார்கழியில் ஒரு மரம் பூத்து எண் 355, தையில் இன்னொன்று பூத்து எண் 20 என்றால் சராசரி 187.5. மாம்பூ ஜூலையில் பூத்ததாக ஆகிவிடும்! மாவுக்கு ஜூலை 1-ஐ முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்காட்டு நரி:
மழையையும் எழுதுங்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிசு, தென்காசிப் பக்கத்துச் சாரல் கணக்கு வேறு. வாயும் அடியும் ஒரே அகலமான டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்தால் போதும், ஒரு செ.மீ. தண்ணீர் என்றால் 10 மி.மீ. மழை. அந்த டப்பா மரத்தடியில் மட்டும் இருக்கக் கூடாது.