'ரிட்டர்ன் டு ஓஸ்' குழந்தைகளுக்கான படம்தானா?

வெண்திரை:
1985-ல் டிஸ்னி வெளியிட்ட இந்தப் படத்தைக் குழந்தைகள் பட வரிசையில் வைப்பதே தவறு என்பது என் கட்சி. சிறுமி டோரதி ஓஸ் என்ற மாய உலகத்துக்குப் போகும் முன்பே நடப்பதைப் பாருங்கள். டோரதிக்குத் தூக்கம் வரவில்லை, ஓஸைப் பற்றியே பேசுகிறாள். அவளை வளர்க்கும் அத்தை எம் (Em) அவளை மின்சிகிச்சை டாக்டரிடம் கூட்டிப்போய், ராத்திரி அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். தள்ளுவண்டிப் படுக்கையில் வார் போட்டுக் கட்டுகிறார்கள். எங்கிருந்தோ நோயாளிகள் அலறுகிறார்கள். சூனியக்காரிக்குப் பயந்த குழந்தை விளக்கைப் போட்டால் தேறிவிடும். வளர்த்தவளே விட்டுப்போகிற பயத்துக்கு எந்த விளக்கைப் போடுவது?

சாவிக்கொத்து:
அந்த மருத்துவமனைதானே படத்துக்கு அச்சாணி! ஓஸில் வருகிற ஒவ்வொரு பயத்துக்கும் விதை அங்கேதான் விழுகிறது. டாக்டர் தன் இயந்திரத்தைக் காட்டி, இதற்கும் முகம் இருக்கிறது பார் என்கிறார். ஓஸில் பாறைகளுக்கு முகம் முளைக்கிறது. வில் வின்டன் குழுவின் களிமண் அனிமேஷன் அது. கிரீச்சிடும் தள்ளுவண்டி, கை கால் நான்கிலும் சக்கரம் வைத்த வீலர்களாகத் திரும்பி வருகிறது. மருத்துவமனை நர்ஸாகவும் ஓஸின் சூனியக்காரி மோம்பியாகவும் நடித்தவர் ஜீன் மார்ஷ். டாக்டராகவும் பாறை உருவ நோம்களின் ராஜாவாகவும் நடித்தவர் நிகோல் வில்லியம்சன். இயக்குநர் வால்டர் மர்ச் ஒலி வடிவமைப்பில் பேர் வாங்கியவர். அதனால் சக்கரச் சத்தம் காதில் விழுந்ததுமே உடம்பு விறைத்துவிடுகிறது, உருவம் அப்புறம்தான் வருகிறது.

வெண்திரை:
இந்த முடிச்செல்லாம் பெரியவர்கள் இரண்டாவது தடவை பார்க்கும்போது பிடிபடுவது. எட்டு வயசுக்கு நர்ஸும் பயம், மோம்பியும் பயம், அவ்வளவுதான். 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்திலும் ஒரே நடிகர்கள் இரண்டு உலகத்திலும் வந்தார்கள். ஆனால் அங்கே பயத்துக்கு நடுவே மூச்சுவிடப் பாட்டு இருந்தது. இதில் ஒரு பாட்டுகூட இல்லை. ஏறக்குறைய 2.8 கோடி டாலர் செலவழித்த படம் அமெரிக்காவில் 1.1 கோடி அளவில் நின்றுபோனதற்கு வேறென்ன காரணம்?

தூறல்:
வசூலை வைத்து எடை போட வேண்டாமே. 1939 படத்தின் அடுத்த பாகம் என்று நம்பி வந்தவர்களுக்கு, ஓஸ் கதைகளை எழுதிய எல். ஃபிராங்க் பாமின் 1904, 1907 நாவல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வேறொரு படம் கிடைத்தது. தலையை மாற்றிக்கொள்ளும் இளவரசி 1907 நாவலிலேயே இருக்கிறாள்.

அந்தத் தலைக் காட்சியைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். அதை மர்ச் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். மோம்பி தலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறாள். சாவி அவள் மணிக்கட்டில். டோரதி அதை எடுக்க வேண்டும், கண்ணாடி அலமாரிகள் வரிசையைச் சத்தமில்லாமல் கடக்க வேண்டும், 31-ஆம் எண் அலமாரியைத் திறந்து உயிர்ப்பொடியை எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது மோம்பியின் சொந்தத் தலை. அது கண்ணைத் திறந்ததும் மற்ற தலைகளும் சேர்ந்து கத்துகின்றன, தலையில்லாத உடம்பு எழுந்து வருகிறது. பார்க்கிற குழந்தைக்கு அந்த நேரம் பூராவும் ஒரு வேலை இருக்கிறது: சாவி, எண், பொடி. வேலை கையில் இருந்தால் பயம் தாங்கும். மருத்துவமனையில் அந்த வேலை இல்லை, அதை மட்டும் வெண்திரைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

சாவிக்கொத்து:
டோரதியின் நண்பன் டிக்-டாக்கையும் சேருங்கள். நினைப்பு, பேச்சு, செயல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சாவி முடுக்க வேண்டிய செப்பு மனிதன். மோம்பி டோரதியைப் பிடிக்கிற நேரம் பார்த்துச் செயல் சாவி தீர்ந்து நின்றுபோகிறான். பேச மட்டும் முடிகிறது. ஆபத்தில் நண்பன் உதவாமல் போனது துரோகத்தால் இல்லை, முடுக்கம் தீர்ந்ததால். அதைக் குழந்தை சட்டென்று புரிந்துகொள்ளும்.

நோம் ராஜாவின் அலங்காரப் பொருள் அறையும் அப்படித்தான். பொருளாக மாற்றப்பட்டவர் எது என்று கண்டுபிடிக்க ஆளுக்கு மூன்று யூகம். தொட்டு 'ஓஸ்' என்று சொல்ல வேண்டும். தோற்றவர் தானும் பொருளாகிவிடுவார், ஒவ்வொருவர் தோற்கத் தோற்க ராஜா பாறையிலிருந்து மனிதனாக மாறுகிறான். ஓஸின் தலைநகரான எமரால்டு நகரத்தார் பச்சைப் பொருளாகியிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பது டோரதிதான், பெரியவர் யாரும் இல்லை.

வெண்திரை:
அந்த அறை அருமை, மறுக்கவில்லை. ஆனால் முடிவு? வீடு திரும்பிய பிறகு கண்ணாடியில் ஓஸின் இளவரசி ஓஸ்மாவைப் பார்த்ததும் டோரதி அத்தையைக் கூப்பிடுகிறாள். ஓஸ்மா உதட்டில் விரல் வைக்கிறாள். கண்டதைச் சொன்னால் திரும்ப மருத்துவமனைதான், வாயை மூடிக்கொள் என்றுதானே குழந்தை எடுத்துக்கொள்ளும்?

சாவிக்கொத்து:
அதற்கு முன்பே இடி விழுந்து மருத்துவமனை எரிந்தாயிற்று. இயந்திரத்தைக் காப்பாற்றப் போன டாக்டர் செத்தார், நர்ஸைக் கூண்டு வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். தண்டிக்க யாரும் மிச்சமில்லாத இடத்தில் மறைப்பது பயத்தால் அல்ல. ஓஸ் தனக்கே தனக்கென்று வைத்துக்கொள்கிறாள்.

வெண்திரை:
டாக்டர் செத்தார், சரி. அங்கே கொண்டுபோய் விட்ட அத்தை உயிரோடுதான் இருக்கிறாள். விட்டதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்கிற காட்சி எங்கே?

தூறல்:
இந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை, வெண்திரை சொல்வது நியாயம். குழந்தையோடு பார்ப்பவர்கள் மின்சிகிச்சைக் காட்சியில் ஒரு நிமிஷம் நிறுத்தி, மின்சாரம் போய்விடும், டோரதி தப்பிவிடுவாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலை அலமாரிக்கு எதுவும் சொல்ல வேண்டாம். நோம்களுக்குக் கோழிமுட்டை விஷம் என்பதையும் சொல்லிவிடாதீர்கள். அதைக் குழந்தையே பார்க்கட்டும்.