மீனவர் சட்டம் என்று ஒரு விருப்பப் பாடம்: பாடத்திட்டக் குழு திருப்பி அனுப்பிவிட்டது, யோசனை சொல்லுங்கள்

நெய்தல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தெற்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் எட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். கடற்கரை ஊரில் பிறந்தவள். என் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கரையோர ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான்.

போன வருஷம் சுற்றுச்சூழல் சட்ட வகுப்பில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை நடத்திக்கொண்டிருந்தேன். 2019 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசித்தால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், இல்லாவிட்டால் 200 மீட்டர் கட்டுமானம் கூடாது என்பதைப் பலகையில் படம் போட்டு விளக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எங்க சித்தப்பா போட்டை இலங்கையில பிடிச்சு வச்சிருக்காங்க. ஆளு வந்துட்டாரு, போட்டு வரல. நாம எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?"

"இது பாடத்தில் இல்லை, வகுப்பு முடிந்ததும் பேசுவோம்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். வகுப்பு முடிந்து என்னிடம் வரவும் இல்லை. அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதன் பிறகு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு விருப்பப் பாடம் தயாரித்தேன். வாரம் 4 மணி நேரம், 15 வாரம், 5 அலகு. முதல் அலகில் அரசமைப்புச் சட்டம்: மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம், ஆட்சி எல்லைக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் 57ஆவது இனம். கரையிலிருந்து 12 கடல் மைலில் அதிகாரம் மாநிலத்திடமிருந்து ஒன்றிய அரசுக்குக் கைமாறுகிறது. இதை ஒரு பையனுக்குப் புரியவைக்கச் சுருக்குமடி வலை (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலை) வழக்கைப் போல நல்ல உதாரணம் கிடையாது. தமிழ்நாடு தடை செய்த வலையை, 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு போட்டது. இரண்டாவது அலகு 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் 61 நாள் தடைக்காலமும். மூன்றாவது, கடற்கரை நிலம்: இறால் பண்ணைகள் பற்றிய 1996ஆம் வருஷத்து ஜெகந்நாதன் தீர்ப்பு இதில் வரும். நான்காவது, இலங்கையில் கைது. ஐந்தாவது, கடலில் நடக்கும் குற்றம், விபத்து, இழப்பீடு.

கூட்டத்தில் என் பாடம் 11ஆவது பொருள். ஏழெட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சுற்றுச்சூழல் சட்டத்திலேயே இது வருகிறதே என்றார் ஒருவர். பாடநூல் எது என்று இன்னொருவர் கேட்டார். வெளியிலிருந்து வந்த நிபுணர், "இது வட்டாரப் பிரச்சினை, சட்டப் பாடம் ஆகாது" என்றார். 'மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி.

அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் கொண்டுபோக விரும்புகிறேன். இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்தவர்கள், கடலோர நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும்? எதை விட்டுக்கொடுக்கவே கூடாது?

பழைய வாத்தியார்:

அம்மா, முதலில் ஒன்று. வட்டாரப் பிரச்சினை என்ற பேச்சை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாடத்திட்டக் குழுக்களில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் பாடத்தில் சரக்கு இருக்கிறது. தாக்கல் செய்த விதத்தில்தான் குறை.

வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளை எடுத்துப் பாருங்கள். 20 கட்டாயப் பாடம், 4 செய்முறைப் பாடம். இவற்றில் கைவைக்க முடியாது. விருப்பப் பாடங்கள் ஆறுக்குக் குறையக் கூடாது. பல்கலைக்கழகத்துக்குக் கை நீட்ட இடமிருப்பது அங்கேதான். அரசமைப்பு, வணிகம், குற்றவியல், சர்வதேசச் சட்டம், வேளாண்மை என்று தொகுதிகள் இருக்கின்றன. உங்கள் பாடம் எந்தத் தொகுதியில் உட்காரும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாமல் வரும் தாளைப் பார்த்தால் உறுப்பினர்களுக்கு ஒரு தயக்கம் வரும். தயக்கம் வந்தால் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி எல்லார் மனதிலும் இருக்கும்: இந்தம்மா வேலை மாறிப் போனால் இதை யார் நடத்துவார்? இதற்குப் பதில் தாளிலேயே இருக்க வேண்டும். உங்கள் துறையில் இன்னொருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அரசமைப்பு நடத்துகிறவர் முதல் அலகை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அலகுக்கும் படிக்க வேண்டிய தீர்ப்பு எது, சட்டப் பிரிவு எது, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பாடநூல் இல்லையா, தீர்ப்புகளைத் தொகுத்து 200 பக்கம் கட்டாகத் தைத்து மேஜையில் வையுங்கள். கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கேள்வியே வராது. மாதிரி வினாத்தாளும் வேண்டும். பாடத்திட்டத்தை வைத்து எதையும் சொல்லிவிடலாம். வினாத்தாள் போட்டுப் பார்த்தால்தான் அது பாடமா, பேச்சா என்று தெரியும்.

சுற்றுச்சூழல் சட்டத்தோடு மோதுகிறது என்றார்களே, அது நியாயமான கேள்வி. உங்கள் மூன்றாவது அலகைப் பாதியாகக் குறையுங்கள். அங்கே என்ன வருகிறது, இங்கே என்ன வருகிறது என்று இரண்டு கட்டம் போட்டுக் காட்டுங்கள்.

மேலிருந்து வந்தால் எவ்வளவு வேகம் என்பதையும் பார்த்தோம். 2024 மே 20இல் பார் கவுன்சில் சுற்றறிக்கை வந்தது, ஜூலை 1இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அந்தக் கல்வியாண்டிலேயே பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தாக வேண்டும் என்றார்கள், கொண்டுவந்தார்கள். கொலைக்கு 302 என்றே முப்பது வருஷம் சொல்லிப் பழகிய நான் 103 என்று சொல்லப் படித்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஊரெல்லாம் தடை உத்தரவு என்று சொல்லும் 144, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. அந்தப் புதிய சட்டத்தில் 144 என்பது ஜீவனாம்சம். கீழிருந்து ஒரு ஆசிரியர் கொண்டுபோகும் பாடத்துக்கு அந்த வேகம் கிடைக்காது. இரண்டு கூட்டம், மூன்று கூட்டம் ஆகும். சோர்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பாடத்திட்டக் குழு தாண்டினாலும் அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு இருக்கிறது. அதே 2024 ஜூலையில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்தது நினைவிருக்கும். சட்டவியல் பாடத்தில் மனுஸ்மிருதி உரைகளைச் சேர்க்கும் முன்மொழிவு சட்ட பீடத்தைத் தாண்டி வந்தது. ஆசிரியர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. கல்விக் குழு கூடுவதற்கு முந்தைய நாளே துணைவேந்தர் அதை நிராகரித்துவிட்டார். அந்த விஷயத்தில் என் கருத்து வேறு சமாச்சாரம். ஒரு மேஜையைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தீவுக்கரை வக்கீல்:

மேடம், உங்கள் நான்காவது அலகைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் இந்தியா, இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்கள் இருக்கும், 1974, 1976. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இருக்கும். நடைமுறை இருக்கிறதா?

அந்தப் பையன் கேட்டதற்கு விடை நடைமுறையில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வழி, படகுக்கு வேறு வழி. பிடிபட்டவர்களைத் தண்டனையை ஒத்திவைத்து விடுதலை செய்தாலும் படகு தானாக வராது. மன்னார், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, எந்த நீதிமன்றத்தில் வழக்கோ அங்கே உரிமையாளர் பதிவுச் சான்றோடு போய் நிற்க வேண்டும். தவறினால் படகு அந்த நாட்டு அரசுக்குப் போய்விடும். இங்கே எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தவணை தேதி தாண்டிய பிறகுதான் வருகிறார்கள். பதிவு அண்ணன் பெயரில், கடன் தம்பி பெயரில், படகை விற்றுப் பெயர் மாற்றாமல் இருப்பது என்று ஆயிரம் சிக்கல். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இதையெல்லாம் ஒரு சட்ட மாணவன் மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காப்பாற்றலாம்.

அந்த உடன்படிக்கையின் 73ஆவது உறுப்பைக் காட்டி, மீன்பிடி மீறலுக்குச் சிறை கூடாது என்று மாணவர்கள் வாதாடுவார்கள். அது தனிப் பொருளாதார மண்டலத்துக்கு, அதாவது ஆட்சி எல்லைக் கடலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரை உள்ள பகுதிக்கு, உள்ள விதி. பாக் விரிகுடாவை இரண்டு நாடுகளும் வரலாற்று நீர்ப்பரப்பாக, அதாவது நெடுங்காலமாகத் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட நீராக, வைத்திருக்கின்றன. இந்த வேறுபாட்டை வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள்.

ஐந்தாவது அலகில் என்ரிகா லெக்ஸி வழக்கைச் சேர்த்துவிட்டீர்களா? 2012 பிப்ரவரி 15, கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல், இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். கேரளக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டா என்பதில் தொடங்கி சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. உங்கள் ஐந்து அலகும் அந்த ஒரு வழக்கில் இருக்கிறது. வட்டாரப் பிரச்சினை என்று சொன்னவரிடம் இதைக் கொடுங்கள்.

வடமராட்சி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், சட்டம் படித்தவள், எங்கள் குடும்பமும் கடற்றொழில்தான். உங்கள் முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் "இலங்கையில் கைது" என்ற தலைப்பைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் வலித்தது.

எங்களுடைய ஆட்கள் போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள். திரும்பத் தொழிலுக்குப் போனபோது, இரவில் விரித்த வலையை விடியற்காலை எடுக்கப் போனால் தமிழ்நாட்டு இழுவைப்படகு வந்து அறுத்துக்கொண்டு போயிருக்கும். என் மாமா ஒருநாள் கரைக்குக் கொண்டுவந்தது வெறும் மிதவைகளும் நாலு முழக் கயிறும். அந்த வலைக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. அதைச் செய்ததும் தமிழர் படகுதான், இழந்ததும் தமிழர் வலைதான்.

இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலை, அதாவது கடலடியோடு வலையை இழுத்துப் பிடிக்கும் தொழிலை, சட்டம் போட்டுத் தடை செய்தது. எங்கள் கரைக் கடற்றொழிலாளர்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்ற சட்டம் அது. 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டத்தில் 2018இல் அபராதத்தைக் கூட்டிச் செய்த திருத்தத்தை மட்டும் படிப்பித்துவிட்டு இதை விட்டுவிட்டால், உங்கள் பிள்ளைகளுக்குக் கடலின் ஒரு கரைதான் தெரியும். தயவுசெய்து இரண்டையும் வையுங்கள்.

நாலாம் வருஷம்:

மாணவன் கோணத்திலிருந்து ஒரு விஷயம், மேம். விருப்பப் பாடம் எடுக்கும்போது நாங்கள் பார்ப்பது இரண்டே இரண்டு. மார்க் வருமா, கால அட்டவணையில் எதோடு மோதுகிறது. எங்கள் கல்லூரியில் ஒரு நல்ல பாடத்தைப் போட்டித் தேர்வுக்கு உதவும் பாடம் இருக்கும் அதே நேரத்தில் வைத்தார்கள். நான்கு பேர்தான் சேர்ந்தோம், அடுத்த வருஷம் எடுத்துவிட்டார்கள். அட்டவணையை யார் போடுகிறார்களோ அவரிடம் முன்னாடியே பேசிவிடுங்கள். மீன்வளத் துறை அலுவலகம், மீன்பிடித் துறைமுகம் என்று போய்வந்து எழுதும் அறிக்கைக்கு அகமதிப்பெண் கொடுத்தால் நான் கண்டிப்பாக எடுப்பேன்.

நெய்தல்கரை:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு வாரமாக இதே வேலையாக இருந்தேன்.

ஐயா சொன்னபடி சர்வதேசச் சட்டத் தொகுதியில் வைத்தேன். கடற்கரை நிலம் பற்றிய அலகைப் பாதியாக்கிவிட்டேன். ஜெகந்நாதன் தீர்ப்பை மட்டும் விட மனம் வரவில்லை, நாகப்பட்டினம் பக்கத்து நிலத்துக்காகப் போராடி வாங்கிய தீர்ப்பு அது. அரசமைப்பு நடத்தும் சக ஆசிரியர் முதல் அலகை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். தீர்ப்புத் தொகுப்பு 214 பக்கம் வந்திருக்கிறது, தைக்கக் கொடுத்தாயிற்று.

வடமராட்சி அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். என் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் நாட்டுப்படகுக்காரர். விசைப்படகு வந்து தன் வலையையும் அறுத்துப் போட்ட நாளைச் சொன்னார், அது நம் கரைக்குப் பக்கத்திலேயே நடந்தது. நான்காவது அலகுக்கு இப்போது 'பாக் விரிகுடா: இரு கரைச் சட்டங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். 16 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், அதில் பாதி இழுவைமடிக்கு.

தம்பி, அட்டவணை பொறுப்பாளரிடம் பேசிவிட்டேன். புதன் காலை கிடைக்கலாம் என்றார்.

மாதிரி வினாத்தாளில் முதல் கேள்வியாக அந்தப் பையன் கேட்டதையே போட்டேன், 15 மதிப்பெண்: 'அ என்பவரின் விசைப்படகு இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டது. ஓட்டிச் சென்ற ஆ விடுதலையாகித் திரும்பிவிட்டார். படகை மீட்க அ எடுக்க வேண்டிய நடவடிக்கைகளைத் தேதி வரிசைப்படி எழுதுக.' விடைக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே இரண்டு இடத்தில் தடை வந்தது. பதிவுச் சான்று பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் என்ன செய்வது? உரிமையாளருக்குப் பாஸ்போர்ட்டே இல்லையென்றால்?

வக்கீல் ஐயா, இந்த இரண்டிலும் நீங்கள் நடத்திய வழக்கு ஏதாவது இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டுத் தனிமடலில் அனுப்ப முடியுமா? கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது வாரம். அதற்கு ஐந்து நாள் முன்னால் தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.