ஹாலுசினேஷனுக்குத் தமிழ்ச்சொல்: 'இட்டுநிரப்பல்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாததை இருப்பதுபோல் சொல்வதை ஆங்கிலத்தில் ஹாலுசினேஷன் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்ட சின்னக் கேள்விக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை சிதறிப்போகும், அதனால் ஒரே மடலாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை மறுபடி சொல்கிறேன். எங்கள் துறையில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், புறநானூற்றில் கைம்மை நிலை பற்றி அசைன்மென்ட் எழுதியிருந்தார். பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாடல் சரியாக இருந்தது. 248ஆம் பாடலும் சரி. அடுத்த பக்கத்தில் 268ஆம் பாடல் என்று நான்கு அடிகள், கீழே பொழிப்புரை, பாடியவர் பெயர், திணை, துறை எல்லாம் இருந்தன. படித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் நமக்குக் கிடைக்கவே இல்லை. எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்த இரண்டு எண்களுக்கும் நேரே பாட்டு இருக்காது.

கூப்பிட்டுக் கேட்டேன். "சாட்ஜிபிடியில கேட்டேன் அம்மா, நம்பரோடயே குடுத்துச்சு, அதான் சரியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். பொய் சொல்லும் பெண் இல்லை. நான் விளக்க ஆரம்பித்தேன். இதற்கு ஹாலுசினேஷன் என்று பெயர், தமிழில் மாயத்தோற்றம் என்று எழுதுகிறார்கள் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் பதியவில்லை. "அப்ப மெஷினுக்கு ஏதோ கோளாறா அம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது. சொல் சரியாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. கோளாறு ஏதும் இல்லை. அந்தக் கருவி வழக்கமாகச் செய்யும் வேலையைத்தான் அன்றைக்கும் செய்தது.

இப்போது உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> மாயத்தோற்றம், பிரமை என்று பத்திரிகைகளில் ஏற்கெனவே வழங்குகிறது. வழக்கில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் தோற்றம் என்றால் காண்பவர் ஒருவர் வேண்டும். பிரமை என்றால் மனம் ஒன்று வேண்டும். இந்தக் கருவி எதையும் காண்பதில்லை. இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல்துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு வைத்துக்கொண்டே போகிறது. புறநானூறு, 268, கைம்மை என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த இடத்தில் பொதுவாக என்ன வருமோ அது வந்து விழுகிறது. 246க்குக் கிடைத்த சரியான விடையும் இதே வழியில் வந்ததுதான். சரியான விடைக்கு ஒரு வழி, தவறான விடைக்கு வேறு வழி என்று அதற்கு இல்லை. மாயத்தோற்றம் என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. 2023இல் கேம்பிரிட்ஜ் அகராதியும் டிக்ஷனரி.காம் தளமும் அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தன. இனி அவர்கள் மாற்றுவது கடினம். நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சைமன் பேக்கர், தாக்கேயோ கனாடே என்ற கணினி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஹாலுசினேட் என்ற வினை வருகிறது. மங்கலான சிறிய முகப்படத்தில் இல்லாத விவரங்களைச் சேர்த்துத் தெளிவான படமாக்கும் உத்திக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அதாவது கணினித் துறையில் அச்சொல் குறையின் பெயராகவே வரவில்லை, இல்லாததை இட்டு நிரப்பும் திறனின் பெயராக வந்தது. இதைப் படித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது.

> இட்டுக்கட்டல் என்று சொல்லலாமே? 'இட்டுக்கட்டிச் சொல்றான்' என்று ஊரில் எல்லோரும் பேசுவதுதானே.

இந்தப் பரிந்துரையைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். சொல் உயிரோடு இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் எழுத்தில் நபிமொழி ஆய்வு சார்ந்து இது கலைச்சொல்லாகவே இருக்கிறது. நபி சொல்லாததை அவர் சொன்னதாகச் சேர்த்தவற்றை இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரைச் சோதிக்கும் ஒரு மரபு அந்தச் சொல்லின் பின்னால் நிற்கிறது. மேற்கோளைச் சோதிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் எனக்கு இதைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும்? இரண்டு நாள் இந்தச் சொல்லையே மனதில் வைத்திருந்தேன்.

ஆனால் பேச்சு வழக்கில் இட்டுக்கட்டுகிறவனுக்கு உள்நோக்கம் இருக்கிறது. தெரிந்தே சொல்கிறான். கருவிக்குத் தெரிந்து செய்வது, தெரியாமல் செய்வது என்ற வேறுபாடே கிடையாது. அசைன்மென்ட் ஓரத்தில் சிவப்பு மையில் 'இட்டுக்கட்டியது' என்று நான் எழுதினால், குற்றச்சாட்டு கருவியை விட்டு அந்தப் பெண்ணின் மேல் போய் விழும். அது எனக்கு ஒப்பவில்லை.

நம் மருத்துவ நண்பர் எழுதிய குறிப்பு இங்கேதான் உதவியது. நினைவிழப்பு உள்ள சிலர், விடுபட்ட நினைவுகளின் இடத்தில் நடக்காத நிகழ்ச்சிகளை வைத்துப் பேசுவார்கள், ஏமாற்றும் எண்ணம் துளியும் இருக்காது, அதை மருத்துவத்தில் கன்ஃபாபுலேஷன் என்போம் என்று எழுதியிருந்தார். 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன், ஹாலுசினேஷனை விட இந்தச் சொல்லே பொருத்தம் என்று கருதுகிறவர்.

ஆகவே என் பரிந்துரை: இட்டுநிரப்பல்.

'இட்டு' என்பது அப்படியே இருக்கிறது. 'கட்டு' போய் 'நிரப்பு' வந்துவிட்டது. அதோடு உள்நோக்கமும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற கேள்வியை எழுதாத தமிழ்ப்பிள்ளை கிடையாது. விடை தெரியாவிட்டாலும் வெறுமனே விடமாட்டோம், ஏதாவது எழுதிவைப்போம், அடித்தால் ஒரு மதிப்பெண். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட கட்டுரையும் இதையேதான் சொல்கிறது: தெரியாது என்ற விடைக்கு மதிப்பெண் தராமல், ஊகித்துச் சரியாகப்போனால் மதிப்பெண் தரும் முறையில் இந்தக் கருவிகளைச் சோதிக்கிறோம், அதனால் அவை ஊகிக்கவே பழகுகின்றன. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். உடனே புரிந்துவிட்டது.

எனக்கு நெருக்கமான காரணம் வேறு. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகள் பல இடங்களில் சிதைந்திருந்தன. சொல் போன இடம், அடி போன இடம் என்று எத்தனையோ. அவருடைய புலமைக்கு ஒரு சீரை எழுதிச் சேர்ப்பது பெரிய வேலையா? சேர்க்கவில்லை. இல்லாத இடத்தை இல்லாத இடமாகவே விட்டார். நம் பதிப்பு மரபு இட்டுநிரப்பாமல் நிற்கும் மரபு. அந்த மாணவியை நூலகத்துக்கு அழைத்துப்போய், புறநானூற்றில் அடிகளுக்கு நடுவே புள்ளிகளாக நிற்கும் பக்கங்களைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

> 'இட்டு நிரப்ப முடியாத வெற்றிடம்' என்று இரங்கல் செய்தியில் எழுதுகிறோம். நல்ல பொருளில் வழங்குவதைக் குறைக்கு வைக்கலாமா?

வைக்கலாம் என்றே நினைக்கிறேன். அந்தத் தொடர் எதிர்மறையில்தானே வழங்குகிறது? நிரப்ப முடியாததை நிரப்பியதாகக் காட்டுவதுதான் இங்கே சிக்கல். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

> மாணவர் செய்ததும் எழுத்துத் திருட்டின் ஒரு வகைதான். தனிச்சொல் தேவையா?

இதில் நான் உறுதியாக மறுக்கிறேன், ஐயா. எழுத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை விழுக்காட்டை வைத்து அளக்கின்றன. 10 வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை அடுத்த நிலை, பிறகு கடைசி நிலை. இல்லாத புறநானூற்றுப் பாட்டு எந்த நூலோடும் ஒத்துப்போகாது. அதன் ஒப்புமை சுழி. திருட்டைப் பிடிக்கும் வலையில் இது சிக்கவே சிக்காது, ஏனென்றால் திருடப்பட்ட பொருள் என்று ஒன்று இல்லை. விதிகளில் பெயர் இல்லாத ஒரு பிழைக்கு நாம் பெயர் வைத்தால்தான் அதைப் பற்றி விதி எழுத முடியும்.

எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் போதாதா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: போதாது. ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறி கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளில் போட்டுப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், சராசரியாக 61 விழுக்காடு எந்திரம் எழுதியதாகத் தவறாகக் காட்டப்பட்டது. நம் பிள்ளைகள் தட்டுத்தடுமாறிச் சொந்தமாக எழுதும் ஆங்கிலத்துக்கு என்ன கதி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் இடத்தில் என் சொல் தடுமாறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையையே கருவியிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்கிறோம். கட்டுரையில் இருப்பதற்கு மாறாகச் சுருக்கம் வருகிறது. அங்கே வெற்றிடம் எதுவும் இல்லை, மூலம் கண்முன்னே இருக்கிறது. இதையும் ஆங்கிலத்தில் ஹாலுசினேஷன் என்றே சொல்கிறார்கள். இட்டுநிரப்பல் அங்கே முழுதாகப் பொருந்தாது. 'பிறழ்வு' என்று தனியாக வைக்கலாமா? எனக்குத் தெளிவில்லை, உங்கள் கருத்து வேண்டும்.

வடிவங்களைச் சோதித்துப் பார்த்தேன். 'கருவி இட்டுநிரப்புகிறது', 'இட்டுநிரப்பிய மேற்கோள்', 'இட்டுநிரப்பல் விகிதம்', 'இட்டுநிரப்பாத விடை'. வினையாகவும் பெயராகவும் எச்சமாகவும் தடையில்லாமல் வருகிறது. மாயத்தோற்றத்தை வினையாக்க 'மாயத்தோற்றம் கொள்கிறது' என்று சுற்ற வேண்டியிருக்கிறது. கணினி, உலாவி, இணையம் எல்லாம் நின்றதற்குக் காரணம் வாயில் எளிதாக வந்ததுதான். இது கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன்.

 

எங்கள் துறை மாணவர்களுக்கான குறிப்பில் நான் எழுதியிருக்கும் வரிகள் இவை: "செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் எந்தக் கருவி, எதற்காக என்று முதல் பக்கத்தில் எழுதவும். ஒவ்வொரு மேற்கோளையும் அச்சு நூலில் பார்த்து, பதிப்பும் பக்க எண்ணும் தரவும். இட்டுநிரப்பிய மேற்கோள் இருந்தால் அசைன்மென்ட் திருப்பித் தரப்படும். சரிபார்த்து மீண்டும் அளிக்கலாம்." கடைசிப் பாதியைச் சேர்ப்பதற்குத் துறையில் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் குறைத்தால் போதும் என்றார்கள். திருத்தி எழுதும்போதுதான் பிள்ளைகள் மூலநூலைத் தொடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

திங்கட்கிழமை துறைக் கூட்டம். அதற்குள் இரண்டு விவரம் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் நண்பர்கள், 'இட்டு நிரப்பு' உங்கள் பேச்சில் இதே பொருளில் வழங்குகிறதா என்று சொல்லுங்கள். அசைன்மென்டுக்கு நீங்கள் எழுதும் 'ஒப்படை' மிக அழகாக இருக்கிறது, குறிப்பில் அதையே போடலாமா என்றும் யோசிக்கிறேன். கலைச்சொற்களைத் தொகுக்கும் தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளத்துக்குச் சொல் அனுப்பிப் பழகியவர்கள் இருந்தால், இதை எந்தத் துறைத் தலைப்பில் அனுப்புவது என்று எழுதுங்கள்.

அன்புடன்.