பரணில் கிடந்த பழைய பி.எச்.சி., டி.டி.டி. பூச்சிமருந்துத் தூளை என்ன செய்வது?

பாமணி:

மன்னார்குடிக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறோம். நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருக்கும் அறையின் பரணில் ஒரு காகிதப் பையும் இரண்டு தகர டப்பாக்களும் கிடைத்தன. பையில் ‘பி.எச்.சி. 10%’ என்ற எழுத்து இன்னும் தெரிகிறது. பாதிக்கு மேல் தூள் மிச்சமிருக்கிறது. டப்பாக்களில் தாத்தாவின் கையெழுத்தில் டி.டி.டி. என்று ஒட்டியிருக்கிறது. அறை முழுக்க ஒரு பூஞ்சண நெடி.

கொத்தனார், “வீசிவிடாதீர்கள், புது அஸ்திவாரத்தில் போட்டால் தலைமுறைக்கும் கரையான் வராது” என்கிறார். அம்மாவோ, “காமாக்சின் தூளைப் பத்தாயத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைப்போம். அந்த நெல்லைத்தானே எல்லோரும் தின்று வளர்ந்தோம், யாருக்கு என்ன வந்தது?” என்று கேட்கிறார். பி.எச்.சி.யைத்தான் காமாக்சின் என்கிறார். போதாக்குறைக்கு என் மைத்துனர் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார். பறவைகளுக்காக வெள்ளைக்காரர்கள் டி.டி.டி.யைத் தடை செய்தார்களாம், அதனால் இலங்கையில் மலேரியா திரும்பி வந்து மக்கள் செத்தார்களாம்.

அஸ்திவாரத்தில் போடலாமா? கூடாது என்றால் எப்படி ஒழிப்பது? காணொளியில் சொல்வது உண்மையா?

மாடித்தோட்டம்:

கொல்லையில் குழி வெட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

வெள்ளாறு:

தயவுசெய்து கொளுத்த வேண்டாம். இவை குளோரின் ஏறிய சரக்குகள். கொல்லை நெருப்பின் சூட்டில் அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் உண்டாகும். அது இந்தத் தூளைவிடப் பொல்லாதது. குழியில் புதைப்பதும் உங்கள் கிணற்றுக்கு நீங்களே அனுப்பி வைப்பதுதான்.

நான் வேளாண்மைத் துறையில் சிதம்பரம் பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பி.எச்.சி. பத்து சதத் தூளைக் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ தூவச் சொன்னது எங்கள் துறைதான். பனி ஈரம் காயாத விடியற்காலையில், தூவும் கருவி இல்லாதவர்கள் மெல்லிய துணியில் மூட்டை கட்டி வரப்போரம் நடந்தபடியே உதறுவார்கள். மலிவு, எளிது. கைமேல் பலனும் உண்டு. அந்தக் காலத்தில் விளைச்சலைக் காப்பாற்ற வேறு பெரிதாக எதுவும் ஏழை விவசாயிக்கு எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று உட்கார்ந்துகொண்டு அவர்களைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

உங்கள் அம்மா சொன்னதில் பொய்யில்லை. உலர்ந்த தூளாகக் கையில் பட்டால் டி.டி.டி. எளிதில் தோலுக்குள் இறங்காது. பாராத்தியான் என்ற பூச்சிமருந்தைப் போல அன்றைக்கே ஆளைச் சாய்க்காது. அதனால்தான் எல்லோரும் நம்பினோம். ஆனால் இது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெயில், மழை, மண்ணிலுள்ள நுண்ணுயிர் எதற்கும் சீக்கிரம் மசியாது. மண்ணில் விழுந்த டி.டி.டி. பாதியாகக் குறையவே இரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கலாம்.

பி.எச்.சி.யில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்தச் சரக்குக்குள் ஒரே மூலக்கூறின் பல வடிவங்கள் கலந்திருக்கும். பூச்சியைக் கொல்வது காமா என்ற வடிவம். அது பத்து முதல் பதினைந்து சதவீதம்தான். மிச்சமெல்லாம் கூடவே வயலில் கொட்டப்பட்ட தண்டம். அதிலும் பீட்டா என்ற வடிவம் உடம்புக் கொழுப்பில் குடியேறினால் கிளம்பவே கிளம்பாது.

வயலில் தூவியது எங்கே போனது என்பதற்கு எங்கள் ஊரிலேயே கணக்கு எடுத்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெள்ளாற்றுப் படுகை நெல் வயல்களில் 1980களின் இறுதியில் ஆராய்ந்தார்கள். ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். தூவியதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் கலந்திருந்தது. கடலுக்குப் போனது மிகச் சொற்பம். நம் வெயில் அப்படி. இப்படி வெப்ப நாடுகளிலிருந்து மேலே போனது குளிர்ந்த இடங்களில் இறங்குகிறது. பி.எச்.சி. தூவாத ஆர்க்டிக் பகுதியின் கடல்நீரிலும் விலங்குகளின் கொழுப்பிலும் அது இருப்பது இந்த வழியில்தான்.

ஊரிலேயே தங்கியது வைக்கோலில் தங்கியது. வைக்கோலை மாடு தின்றது, பாலின் கொழுப்பில் வந்தது, வெண்ணெய், நெய் என்று திரள்கிறபோது அடர்த்தி கூடியது. 1993இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பன்னிரண்டு மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைப் பார்த்தபோது பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் இருந்தன. பத்தாயத்தைச் சுற்றிக் கோடு போட்டவர்கள் மட்டும் தின்றார்கள் என்று நினைக்காதீர்கள். காமா வடிவத்தைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், டி.டி.டி.யை உண்டாக்கக்கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது.

மைத்துனரின் பறவை விவகாரத்துக்கு ஓர் உதாரணம் போதும். கலிபோர்னியாவில் கிளியர் ஏரியில் கொசு போன்ற ஒரு சின்னப் பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளில் டி.டி.டி.யின் (DDT) உடன்பிறப்பான டி.டி.டீ. (DDD) என்ற மருந்தைக் கலந்தார்கள். நீரில் பத்து லட்சத்தில் அதிகபட்சம் 0.02 பங்குதான். பிறகு செத்து மிதந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் அது பத்து லட்சத்தில் 1,600 பங்கு வரை இருந்தது. நீரிலிருந்து மிதவை உயிர், அதிலிருந்து மீன், மீனிலிருந்து பறவை என்று படிக்குப் படி சேர்ந்துகொண்டே போன கணக்கு இது. மீன் தின்பது பறவை மட்டுமா?

பாமணி:

நன்றி ஐயா. அஸ்திவாரம் கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் எப்படி ஒழிப்பது? தேக்குப் பத்தாயத்தையும் எரிக்க வேண்டியதுதானா? இலங்கை விஷயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

குளக்கட்டு:

இலங்கை விஷயத்தை நான் சொல்கிறேன். வவுனியாவில் மலேரியா தடுப்பு வேலையில் இருந்தவன். நான் சேர்ந்தபோது மலத்தியன் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாறியாகிவிட்டது, டி.டி.டி. காலத்தில் மருந்தடித்த மூத்தவர்களிடம்தான் தொழில் கற்றேன்.

டி.டி.டி. எங்கள் நாட்டுக்குச் செய்த நன்மையை மறைக்கக் கூடாது. 1934–35 கொள்ளைக் காய்ச்சலில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 1946இல் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு மலேரியா. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கத் தொடங்கிய பிறகு 1963இல் வெறும் 17 பேர். இரத்தம் குடித்த நுளம்பு (கொசு) சுவரில் போய் அமரும். சுவரில் மாதக்கணக்காக மருந்து உயிரோடு இருக்கும். சோற்றில் கேடாக இருக்கிற அந்த நீடிப்புதான் சுவரில் பலம்.

1964இல் தெளிப்பை நிறுத்தினார்கள். எந்தத் தடையும் அதற்குக் காரணமில்லை; அமெரிக்கா தடை செய்ததே 1972இல்தான். நோய் போய்விட்டது, இனி எதற்குச் செலவு என்று நிறுத்தினார்கள். பிறகு மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. எங்கள் மலேரியா நுளம்பு அப்படிப்பட்ட ஆற்றுக் குட்டைகளில்தான் பெருகும். 1968–69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல். உடனே டி.டி.டி.யை மறுபடி எடுத்தார்கள், அடிக்க யாரும் தடுக்கவில்லை. ஆனால் நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. கடைசியில் 1977இல் மலத்தியனுக்கு மாறினோம்.

மூத்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். முதலில் சனங்கள் மருந்தடிக்க வரும்படி கூப்பிட்டதே மூட்டைப்பூச்சி சாகிறது என்பதற்காகத்தானாம். சில வருடங்களில் மூட்டைப்பூச்சி சாகாமல் மருந்து பட்டதும் துள்ளி ஓடத் தொடங்கியது. அதன்பின் கதவைத் திறக்க மறுத்தார்களாம்.

2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்று தந்தது. அதற்கு உழைத்தது ஒரு மருந்து மட்டுமல்ல. காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்தோம், ஒவ்வொரு நோயாளியையும் வீடு தேடிப் போனோம். யுத்த காலத்திலும் இரு பக்கமும் அதை நிற்க விடவில்லை.

வெள்ளாறு:

குளக்கட்டு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த டி.டி.டி.க்கு இன்றும் விலக்கு தருகிறது. இந்தியா 1989இல் விவசாயத்துக்கு நிறுத்தியபோதும் சுகாதாரத் துறைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் வரை அனுமதித்தது. பி.எச்.சி.க்கு 1997 ஏப்ரலோடு முழுத் தடை. ஆக, மைத்துனர் எந்தத் தடையைப் பற்றி அழுகிறார் என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் வேலை. அறையில் துடைப்பத்தைத் தொடாதீர்கள், தூள் கிளம்பும். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பை, டப்பா எல்லாவற்றையும் அப்படியே தடித்த பிளாஸ்டிக் பைகளில் இரட்டையாகக் கட்டி, மூடியுள்ள வாளிக்குள் வையுங்கள். மேலே ‘விஷம்’ என்று பெரிதாக எழுதுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே வாளியில் போடுங்கள். அலசிய நீரை வாய்க்காலில் விடக் கூடாது. குழந்தைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பிறகு மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைக் கையாளும் நிலையம் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதுதான் முறை. ஒரு வாளிச் சரக்குக்காக உடனே ஓடி வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். மனுவின் நகலை வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள்.

பத்தாயத்தை எரிக்கவும் வேண்டாம், இழைக்கவும் வேண்டாம். இழைத்தால் பறக்கும் தூளில் மருந்தும் இருக்கும். தானியமோ மாட்டுத் தீவனமோ இனி அதில் போடாதீர்கள். பழம்பொருள் வியாபாரி கேட்டால் அதில் எது வைத்திருந்தது என்று சொல்லிவிட்டு விற்கலாமா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் விற்க மாட்டேன். கரையானுக்கு அனுமதி பெற்ற மருந்துகள் இருக்கின்றன, உரிமம் உள்ளவர்களை வைத்து அடியுங்கள். கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.