லாங்யியர்பியன்ல ஒரு செமஸ்டர்: குப்பை, கரண்ட், சாப்பாடு எல்லாம் எப்படி?

நெல்லைக்காரன்:
வணக்கம் மக்களே. வர்ற ஜனவரில ஸ்வால்பார்ட்ல (வட துருவம் பக்கம் இருக்கிற நோர்வே தீவுக்கூட்டம்) யூனிஸ்ங்கிற பல்கலைக்கழக மையத்துல ஜியாலஜி படிக்க சீட் கிடைச்சிருக்கு, ஊரு லாங்யியர்பியன், 78 டிகிரி வடக்கு. அம்மா குளிரு குளிருன்னு பொலம்பியே கம்பளியா வாங்கி அடுக்கிட்டாங்க. எனக்கு டவுட்டு எல்லாம் சின்ன விஷயத்துலதான், குப்பைய எங்க போடுவாங்க, கரண்ட் எங்கருந்து வருது, சமைக்க என்ன கிடைக்கும், வாசல்ல கரடி வந்து நிக்குமா? வீடியோ பாத்தா எல்லாரும் அரோராவ, அதான் வானத்துல தெரியற வண்ண ஒளிய மட்டும்தான் காட்டுறாங்க.

துருவவாசி:
நான் அங்க வேலை பாத்துட்டு இப்ப ஓஸ்லோல இருக்கேன் தம்பி. மொதல்ல விசா. ஸ்வால்பார்டுக்குன்னு விசா கிடையாது, ஆனா ஓஸ்லோ வழியாத்தானே போகணும், ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு (ஒரே விசால போற ஐரோப்பிய நாடுங்க) வெளிய, அதனால திரும்பி வர்றப்ப மறுபடி உள்ள நுழையற மாதிரி விசா இருக்கணும், இத கவனிக்காம சிங்கிள் என்ட்ரி எடுத்துட்டு முழிக்கிறவங்க உண்டு.

குளிர விடு, வீட்டுக்குள்ள டி-ஷர்ட்டோட இருக்கலாம். நீ போறப்ப முழு இருட்டா இருக்கும், அக்டோபர் கடைசில போற சூரியன் பிப்ரவரி பாதிலதான் அடிவானத்துக்கு மேல வரும், சுத்தி மலைங்கிறதால ஊருக்குள்ள வெயில் விழ மார்ச் 8 வாக்குல ஆயிடும், அன்னைக்கு ஊரே பழைய ஆஸ்பத்திரி படிக்கட்டுகிட்ட கூடிடும். அதனால ஜாக்கெட்ல ரிஃப்ளெக்டர் மாட்டாம வெளிய போகாத. அப்புறம் ஹாஸ்டல், மியூசியம், சில ஹோட்டல்ல கூட வாசல்லயே ஷூவ கழட்டணும், சுரங்கத்துக்காரங்க கரித்தூளோட வந்த காலத்து பழக்கம், ஓட்டை சாக்ஸ் மட்டும் எடுத்துட்டு போயிடாத.

குப்பை: அந்த மண்ணு உறைஞ்சு கெடக்குது, பொதைக்க முடியாது, பிரிச்சு போட்டா கப்பல்ல மெயின்லேண்டுக்கு போகும். படிக்கிறவங்க, வேலைக்கு வர்றவங்கன்னு ஆளுங்க மாறிட்டே இருக்கிற ஊரு, ஊர விட்டு போறப்ப சட்டி, பாத்திரம், பனிச்சறுக்கு ஸ்கீன்னு வச்சுட்டு போவாங்க, மொதல்ல அத தேடு, புதுசா வாங்காத.

கரடி: ஊரு எல்லைல கரடி படம் போட்ட போர்டு இருக்கும், அத தாண்டினா துப்பாக்கியோட ஆள் வேணும். காலேஜ்லயே ஆரம்பத்துல துப்பாக்கி பயிற்சி தருவாங்க. ஆனா வீட்டுப் பக்கம் பெரும்பாலும் கலைமான்தான் மேயும், நரி வந்தா தொடாத, ரேபிஸ் இருக்கு.

ஈழத்தமிழன்_பின்மார்க்:
நான் இருக்கிறது ஸ்வால்பார்ட் இல்ல, நோர்வேயின்ர வடகோடியில இருக்கிற பின்மார்க், எங்கட ஆக்கள் எண்பதுகளில மீன் பக்டரி வேலைக்கு வந்த இடம். தம்பி, குளிர விட மழைக்குத்தான் பயப்பட வேணும். நடு குளிர்காலத்தில திடீரெண்டு சூடாகி மழை பெய்யும், திரும்ப உறையும், ரோட்டு முழுக்கக் கண்ணாடி. சப்பாத்தில மாட்டுற முள்ளு முதல் நாளே வாங்குங்கோ, அது இல்லாம கடைக்குப் போற வயசான ஆக்களே இல்ல. ஸ்வால்பார்ட்லயும் 2012 ஜனவரி கடைசியில அப்பிடி மழை பெஞ்சு, புல்லுக்கு மேல ஐஸ் படிஞ்சு கலைமான் கனக்கச் செத்தது. ஸ்வால்பார்ட் உலகச் சராசரிய விட ஆறேழு மடங்கு வேகமா சூடாகுதாம்.

கொங்கு_குசும்பன்:
சுற்றுச்சூழல்னு இவ்ளோ பேசுற ஊரு நிலக்கரில கரண்ட் எடுத்துச்சுன்னு படிச்சேனே?

துருவவாசி:
எடுத்துச்சு, நோர்வேலயே கடைசி நிலக்கரி கரண்ட் பிளான்ட் அதுதான். 2023 அக்டோபர்ல மூடிட்டு டீசலுக்கு மாத்திட்டாங்க, 2025 ஜூன்ல ஏழாம் நம்பர் நிலக்கரிச் சுரங்கமும் முடிஞ்சுது. டீசல் பரவால்லன்னு நான் சொல்ல மாட்டேன், பில்லு ஏறுச்சுன்னு ஊரே திட்டுச்சு. கோடைல சூரியன் மறையாது, சோலார் ராத்திரியும் ஓடும், இருட்டு மாசத்துல வெறும் பலகை. அத வச்சு மட்டும் எப்படி ஓட்டுறது?

நெல்லைக்காரன்:
நன்றிண்ணே, கம்பளில பாதிய எடுத்துட்டு முள்ளு வாங்கச் சொல்லிட்டேன். சமையல்?

துருவவாசி:
தாய்லாந்துக்காரங்க, பிலிப்பினோங்க நிறைய பேரு இருக்காங்க, அதனால அரிசி, தேங்காப்பால், மிளகா எல்லாம் சிக்கிடும். காய்கறி ஃப்ளைட்டு, கப்பல்ல வரணும், வெலையப் பாத்தா வயிறு எரியும், வானிலை கெட்டா கடைத் தட்டு காலியா இருக்கும். காஞ்ச கறிவேப்பிலையும் சாம்பார் பொடியும் அம்மாகிட்ட வாங்கிட்டு போ. பருப்பையும் கூட வச்சுக்கோ.