மறு: ஹேமர்லெஸ் ரைபிளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> ஹேமர் என்றால் சுத்தியல். 'சுத்தியலற்ற ரைபிள்' என்று போட்டால் முடிந்ததே?

ஐயா, எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள்.

சுத்தியல் என்றதும் தச்சர் கையில் இருப்பதுதான் கண்ணில் வருகிறது. துப்பாக்கியின் பின்புறம் நிமிர்ந்து நின்று, விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து அடிக்கும் உறுப்புக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: குதிரை. வீணையில் தந்திகளைத் தாங்குவதையும் குதிரை என்றுதானே சொல்கிறோம்? இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

இரண்டாவது தயக்கம் 'அற்ற' பற்றியது. ஹேமர்லெஸ் என்று பெயர் வாங்கிய துப்பாக்கிகள் பலவற்றில் குதிரை இருக்கிறது. வெளியே தெரியாது, அவ்வளவுதான். 1887-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த 'சேஃப்டி ஹேமர்லெஸ்' கைத்துப்பாக்கியிலும் குதிரை உள்ளே மறைந்திருந்தது. ஆங்கிலப் பெயரிலேயே பிசகு இருக்கும்போது அதை நாமும் சுமக்க வேண்டாம்.

நெம்புகோல் வேட்டை ரைபிள்களை (விசையடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைப் போடுபவை) ஒப்பிடும்போது இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிகிறது. வின்செஸ்டர் 94 என்ற அமெரிக்க ரைபிளில் குதிரை வெளியே நிற்கும். இருட்டிலும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாலே அது பின்னுக்கு இழுபட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் புதரில் நுழையும்போது கிளையிலோ சட்டையிலோ மாட்டும்.

சாவேஜ் 1899 என்ற ரைபிள் (பிற்பாடு 99 என்றே பெயர் நிலைத்தது) அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் வடிவமைத்தது. தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் யூடிகாவில் செய்யப்பட்டது. இதில் சுழன்று அடிக்கும் குதிரையே கிடையாது. தாழுக்குள் (தோட்டாவின் பின்புறத்தை மூடிப் பூட்டும் உருளை) சுருள்வில் தள்ள, அடிக்கும் உறுப்பு நேர்கோட்டில் முன்னால் பாய்கிறது. சுடத் தயாரா என்பது வெளியே தெரியாது என்பதால் அதைக் காட்ட மேற்புறத்தில் தனியாக ஒரு சிறு முனை வைத்தார்கள். இடப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் வழியே உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்ற எண்ணும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அது. தோட்டாக்கள் ஒரு சுழல் அறையில் அடுக்கப்படுவதால் கூர்முனைத் தோட்டாவையும் பயமின்றிப் போடலாம். வின்செஸ்டர் 94-இல் உள்ளதுபோல் தோட்டாக்கள் வரிசையாகப் படுக்கும் குழாய் அறையில் ஒன்றன் முனை முன்னால் இருப்பதன் பின்புறத்தில் முட்டி நிற்கும். உதைப்பில் வெடித்துவிடும் அபாயம் உண்டு.

வின்செஸ்டர் 88 (1955–1973) வேறு கதை. ஒரே துண்டு மரக்கட்டை, கழற்றும் தோட்டாப் பெட்டி, முன்பக்கம் மூன்று பற்களோடு பூட்டும் தாழ். நெம்புகோலை மறைத்துவிட்டுப் பார்த்தால் தாழ்ப்பாள் ரைபிள் (தாழைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்குவது) என்றே நினைப்போம். இதில் குதிரை உண்டு, உள்ளே. இரண்டையும் ஒரே 'அற்ற'வில் அடைத்தால், ஒப்பிட வந்த வாசகருக்கு முக்கியமான வேறுபாடே தெரியாமல் போகும்.

எனவே என் முன்மொழிவு: 88 போன்றவற்றுக்கு மறைகுதிரை ரைபிள். 99 போன்றவற்றுக்கு, உள்ளே பாயும் உறுப்பை வைத்துப் பாயூசி ரைபிள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'வெளிக்குதிரை இல்லாதவை'.

'குதிரை என்றால் குதிரைப்படை ஞாபகம் வருமே' என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். 'குதிரையற்ற ரைபிள்' என்று எழுதினால் வரத்தான் செய்யும். 'மறைகுதிரை' ஒட்டுச்சொல்லாக நிற்பதால், துப்பாக்கி பேசும் வாக்கியத்தில் அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம். எழுதிப் பார்த்தேன்: 'மறைகுதிரை ரைபிளில் நெம்புகோலை இறக்கி ஏற்றினால் குதிரை தானே பின்னுக்குப் போய் நிற்கும்.' வாசிக்கத் தடையில்லை.

'பாயூசி'யில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தோட்டாவைக் குத்தும் முனையை மட்டும்தான் 'ஊசி' என்கிறோம், பின்னால் இருந்து தள்ளும் கனமான பகுதியை அது சொல்லவில்லை. பட்டறையில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இதற்கு நல்ல சொல் வைத்திருந்தால் தாருங்கள்.

அன்புடன்.